குன்னூர் ஏறி கோத்தகிரி இறங்கும் முன்: எது மக்கர் செய்தால் என்ன செய்வது

அரிவாள் அணு ரத்தசோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ளவர்களின் சிகிச்சைக்காகப் பணம் திரட்ட, பிப்ரவரியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சைக்கிள் சவாரி நடத்துகிறோம். அதில் ஓட்டுவது என் வேலை இல்லை. பின்னால் வரும் ஜீப்பில் ஆலன் கீ, பழைய டியூப், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கேனோடு உட்கார்ந்திருப்பவன் நான். மேட்டுப்பாளையத்தில் விடியும் முன் கிளம்பி கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாக ஊட்டி. அங்கிருந்து கட்டபெட்டு, கோத்தகிரி, அரவேணு, குஞ்சப்பனை வழியாகத் திரும்ப மேட்டுப்பாளையம். சுமார் 115 கிலோமீட்டர்.

வருகிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். "பதினாலு கொண்டை ஊசி வளைவையும் ஏறிடுவேனாண்ணா?" ஏறிவிடுவீர்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் சிரிக்கப் போவதில்லை. ஆனால் என் ஜீப்பில் ஏற்ற வேண்டி வந்தவர்களில் பாதிக்கு மேல் இறக்கத்தில் மாட்டியவர்கள். மூன்று மாதம் ஏறப் பழகியிருப்பார்கள், இறங்க ஒரு நாள்கூடப் பழகியிருக்க மாட்டார்கள். அதனால் இறக்கத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

பிரேக் கத்துகிறது

எப்போது கத்துகிறது என்று பாருங்கள். பனிமூட்டத்தில் நனைந்த டிஸ்க் கீச்சென்று கத்தும். இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்தால் காய்ந்து அடங்கிவிடும். வெயிலிலும் கத்துகிறது, பிடிப்பும் குறைவு என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது நம் கைவேலைதான். முந்தின நாள் செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடித்திருப்போம், அது டிஸ்க்கிலும் தெறித்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, பேடைக் கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பேடை மாற்றுவதுதான் வழி. தேய்மானத்தையும் அப்போதே பாருங்கள். பின்தகடு நீங்கலாக ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பேடை மலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

புதுப் பேடையும் நேராக மலைக்கு வரக் கூடாது. சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, கிட்டத்தட்ட நிற்கும் வரை பிடித்து விடுங்கள். இப்படி இருபது தடவை செய்தால்தான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்.

லிவர் ஹேண்டில் வரை வந்துவிடுகிறது

கேபிள் பிரேக் என்றால் கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது பேட் தேய்ந்திருக்கும், ஐந்து நிமிட வேலை. எண்ணெய் பிரேக் என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. நாலைந்து முறை வேகமாக அழுத்தினால் கெட்டியாகி, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தளர்ந்தால் அதுவேதான். கடையில் கொடுத்துக் காற்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே கொடுங்கள், முந்தின நாள் ராத்திரி வேண்டாம். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். வேறு சில கம்பெனிகளுக்கு டாட் (DOT) என்கிற பிரேக் திரவம். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பாட்டிலை எடுத்தால் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும்.

ஆணி இல்லை, முள் இல்லை, ஆனால் டியூப் வெடித்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரவேணு தாண்டி ஒரு வளைவில் கோவையில் இருந்து வந்த தம்பி ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ரிம் பிரேக் சைக்கிள், பின் டியூப் கிழிந்திருந்தது. "காத்து கரெக்டாத்தாண்ணா வெச்சேன். ஆணிகூட ஒண்ணும் இல்ல." டயரைக் கழற்றி உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தேன். ஆணி இல்லைதான். ரிம்மில் கை பட்டதும் உதறிக்கொண்டேன். பாட்டிலில் இருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று போய்விட்டது.

கோத்தகிரியில் இருந்து பின் பிரேக்கை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று சின்ன வயதில் யாரோ சொன்ன பயம். ரிம் பிரேக்கில் உரசல் சூடு முழுக்க ரிம்முக்குத்தான் போகிறது. ரிம் சூடானால் உள்ளே காற்று விரியும், டியூப் ரப்பரும் இளகும்.

சரி, எப்படி இறங்குவது? இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னால் நேர் சாலையிலேயே பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுத்தான் இறங்க வேண்டும். விடும் நேரத்தில்தான் ரிம் ஆறும். முன் பிரேக்கில்தான் நிறுத்தும் சக்தி அதிகம். குப்புற விழும் பயத்துக்கு மருந்து, பிடிக்கும்போது இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வது. கை வலித்தால் நின்றுவிடுங்கள். அரவேணுவில் ஒரு டீ, குஞ்சப்பனையில் இன்னொரு டீ என்று இறங்குகிறவர்களுக்கு டியூப் வெடித்து நான் பார்த்ததில்லை.

பழக இடம் வேண்டுமே என்பவர்களுக்கு: கோவைக்காரர்களுக்கு மருதமலைக் கோயில் பாதை இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு மேட்டுப்பாளையம் வந்து பர்லியார் வரை மட்டும் ஏறி இறங்கிவிட்டுப் போங்கள். இரண்டு ஞாயிறு வந்தால் இன்னும் நல்லது.

இறக்கத்தில் விரல் விறைத்து லிவரைப் பிடிக்க முடியவில்லை

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஜனவரி, பிப்ரவரி காலையில் புல்வெளியில் உறைபனி கிடக்கும் ஊர். வியர்க்க வியர்க்க ஏறி வந்து, டீக்கடையில் அரைமணி நேரம் கதை பேசிவிட்டு, அதே ஈர பனியனோடு காற்றில் இறங்கினால் விரல் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? பையில் காய்ந்த பனியன் ஒன்று, முழுவிரல் கையுறை ஒரு ஜோடி. மாற்றிக்கொண்ட பிறகு டீ குடியுங்கள். காற்றுத்தடுப்புச் சட்டை இல்லாவிட்டால் டீக்கடைக்காரரிடம் பழைய செய்தித்தாள் இரண்டு தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் விரித்துக்கொள்ளுங்கள். கேலியாகத்தான் இருக்கும். நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று. ஊட்டியோடு ஏற்றம் முடிந்தது என்று கணக்குப் போடாதீர்கள். கோத்தகிரி சாலை தொட்டபெட்டா சந்திப்பு வரை இன்னும் ஏறும். அங்கே ஒரு முறை வியர்க்கும், அதற்கப்புறம்தான் நீண்ட இறக்கம். அதனால் காய்ந்த பனியனை ஊட்டியில் போடாமல் சந்திப்பில் போடுகிறவர்கள்தான் விவரமானவர்கள்.

ஏற்றத்தில் கியர் மாறவில்லை, அல்லது மாறிவிட்டு நழுவுகிறது

கல்லாறில் இருந்து குன்னூர் வரை மலை ரயிலே தனியாக ஓடுவதில்லை. தண்டவாளத்துக்கு நடுவில் பல் தண்டவாளம் போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறுகிறது. 12 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு அங்கே உண்டு. சாலை அவ்வளவு செங்குத்து இல்லை என்றாலும் ஏற வேண்டிய உயரம் அதேதான். கல்லாறு ரயில் நிலையம் சுமார் 400 மீட்டர், குன்னூர் நிலையம் சுமார் 1,700 மீட்டர். நம்முடைய பல்சக்கரங்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டாமா?

பெரிய பல்லுக்குச் செயின் ஏறத் தயங்கினால் கேபிள் இழுவை போதவில்லை. செயினைப் பல் மாற்றிப் போடும் பின் டிரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் உருளையான திருகு இருக்கும். அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. அவ்வளவுதான்.

பெடலை அழுத்தும்போது டக்கென்று நழுவினால் செயின் தேய்ந்திருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுங்கள். ஒரு பின்னின் நடுவில் வைத்து அளந்தால் 24 இணைப்பு தள்ளி இருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் புதுச் செயின் வாங்கும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் இன்னும் மோசமாக நழுவும். இந்த வேலையை இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக் பக்கம் விழப் பார்க்கிறதா? ஓட்டாதீர்கள். டிரெய்லர் ஸ்போக்கில் மாட்டினால் சக்கரம் போச்சு, ஆளும் போச்சு. பஸ்ஸின் வயிற்றில் வலதுபக்கமாகப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்த சைக்கிள்களில் டிரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். பின்னால் நின்று பார்த்தால் டிரெய்லர் உள்பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேறு. உங்களுடையதை ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மலையில் கிடைக்காது.

கியர் எல்லாம் சரி, ஆனாலும் மிதிக்க முடியவில்லை என்றால் பல் கணக்கைப் பாருங்கள். முன்னால் 34, பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.1 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். குன்னூர் ஏற்றத்துக்கு இது மரியாதையான வேகம். பின்னால் 28 பல்தான் என்றால் அதே வேகத்தில் நிமிடத்துக்கு 50 சுற்றுகூட வராது, அந்தப் பாரம் முழுக்க முட்டிக்குப் போகும்.

முட்டி வலிக்கிறது

முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது கனமான கியர். பின்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் ஐந்து மில்லிமீட்டராக மாற்றுங்கள். பழைய இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம்.

காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது

டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். ஒரே ஓட்டை என்றால் அதற்குக் காரணமான கம்பித்துண்டோ முள்ளோ டயரிலேயே குத்திக்கொண்டு இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் திரும்பவும் உட்காருவீர்கள். 28 மில்லிமீட்டர் டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு 75 பி.எஸ்.ஐ. போதும். மழையில் அதற்கும் ஐந்து குறையுங்கள்.

மெல்லிசான வால்வு உள்ள டியூப் என்றால் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் விற்கிறது. வால்வு மூடிக்குப் பதில் அதையே திருகி வைத்துக்கொள்ளலாம்.

கண் இருட்டுகிறது, கை நடுங்குகிறது, எல்லார் மேலும் எரிச்சல் வருகிறது

பசி. உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். பசித்த பிறகு சாப்பிட்டால் பிரயோஜனம் இல்லை, கிளம்பி அரைமணி நேரத்தில் தொடங்க வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது, மீதிக்குக் கடலை மிட்டாய். பர்லியாரில் சீசன் இருந்தால் மங்குஸ்தான் விற்பார்கள், ஆசைக்கு இரண்டு சாப்பிடலாம். வர்க்கியைத் திரும்பும்போது வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் தின்றால் தொண்டையும் அடைக்கும், நெய்யும் எதிர்க்களிக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டராவது. கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவு வேண்டாம், உப்பு கூடினால் கெடுதல். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் சவாரிக்கு முன் தங்கள் டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும், குளுக்கோஸ் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும்.

குன்னூர் வரை வந்த மூச்சு ஊட்டியில் வரவில்லை

ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சென்னையில் பேசிக்கொண்டே ஓட்டிய வேகத்தில் இங்கே பேச முடியாது. பேச முடிகிற வேகத்துக்கு இறங்கி வாருங்கள், தானாகச் சரியாகும். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் அது மூச்சு வாங்குவதோடு சேர்ந்தது இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு உட்காருங்கள், 108. மருந்து தேடுவது, ஜீப்புக்காகக் காத்திருப்பது எதுவும் வேண்டாம்.

எதிரே பஸ், எதிரே மாடு

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவை. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம். இறங்குகிற நீங்கள் இடது ஓரத்தில் நின்று விடுங்கள். காட்டுமாடு நின்றால் மணி அடிக்காமல் தள்ளி நின்று காத்திருங்கள். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும். ஜூன் 19 உலக அரிவாள் அணு நோய் தினம், அன்றைக்கே சவாரி வைக்கலாமே என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். மழையும் பலாப்பழமும் சேர்ந்து வரும் மாதம் அது. ஏப்ரல், மே சீசனிலோ சாலையை ஒருவழி ஆக்கிவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் குன்னூர் சாலையில் மண் சரியும். அதனால்தான் பிப்ரவரி.

உதவிக் கார் மேலே வரவில்லை

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நண்பரின் காரை நம்புகிறவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டி ஒன்றை உள்ளூரில் அமர்த்திக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. ஒருமுறை எங்கள் ஆட்களே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இரண்டு பெட்டி ஏற்றிக்கொண்டு வந்து, சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இங்கே அதற்குத் தடை. பெரிய கேனும் உங்கள் சொந்த பாட்டிலும் போதும்.

நன்கொடை கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள்

சைக்கிளை விட இதைச் சரிசெய்வதற்குத்தான் எனக்கு நாளானது. என் மாமாதான் ஒரு நாள் பிடித்துக் கேட்டார்: "சும்மா உதவி உதவின்னா நான் நூறு குடுக்கறதா, பத்தாயிரம் குடுக்கறதா? யாருக்கு, எதுக்குன்னு சொல்லுப்பா." அதில் இருந்து கிலோமீட்டருக்கு பத்து ரூபாய் என்று கேட்கிறோம். 115 கிலோமீட்டருக்கு 1,150 ரூபாய். கணக்கு கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் சுலபம்.

யாருக்கு என்பதைச் சொல்ல நாலு வரி போதும். சாதாரண ரத்தச் சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் போல வளைந்த அணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும், ரத்தக்குழாயில் அடைத்துக்கொண்டு தாங்க முடியாத வலியைக் கொடுக்கும். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அந்த வலியைத் தூண்டும். நமக்கு விரல் விறைக்கும் அதே குளிர்தான். தாய் தகப்பன் இருவருக்கும் இதன் மரபணுக் கூறு (தங்களுக்கு நோய் இல்லாமல் சுமந்து மட்டும் வருவது) இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தென்னிந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது இந்த மலையில்தான். 1952ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டு எழுதினார்கள். இதைக் கேட்டதும் "நம்ம ஊர்லயா?" என்று நிமிர்ந்து உட்காருகிறவர்கள் நிறையப் பேர். "பாவம், காட்டுல இருக்கறவங்க" என்ற தொனியில் மட்டும் கேட்காதீர்கள். அவர்களில் சிலர் நம் சவாரிக்கு வழிகாட்ட வருகிறார்கள், காதில் விழும்.

"ரசீது உண்டா, வரிச் சலுகை உண்டா?"

80ஜி என்று எல்லாரும் சொல்லும் சலுகை, பணம் பெறும் அமைப்புக்கு அந்த அனுமதி இருந்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை. பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவே கூடாது, நேராக அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அத்தை பையன் ஆசையாக அனுப்புகிறேன் என்றால் நிறுத்துங்கள். அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம்.

சவாரி முடிந்தது, சொன்ன பணம் வரவில்லை

ஒரு வாரம் விட்டுக் கேட்டால் மறந்திருப்பார்கள். அன்று சாயங்காலமே, மேட்டுப்பாளையத்தில் குளித்துவிட்டுப் படுக்கும் முன், வாக்குக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். குழுவில் பொதுவாகப் போட்டால் எல்லாரும் அடுத்தவர் கொடுப்பார் என்று விட்டுவிடுவார்கள். முகம் தெரியும் ஒரு படம், ஓடிய கிலோமீட்டர், அவர் சொன்ன தொகை, அமைப்பின் கணக்கு விவரம். அந்தக் கோவைத் தம்பி தன் கிழிந்த டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பினார். "எட்டு கிலோமீட்டர் ஜீப்பில் வந்தேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கீழே எழுதியிருந்தார். யாரும் கழிக்கவில்லை.